முந்திரிக் காட்டில் கோபி மஞ்சூரியன்

நெய்வேலியில் நாலு நாள் தங்கி மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டேன். வயிறு கெடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். இட்லி இட்லியாக இருந்தது. தோசை சுமாருக்கு மேல். காபியில் சிக்கரி கொஞ்சம் தூக்கல், ஆனால் குடிக்கலாம். பில் உங்களைப் பயமுறுத்தாது. டேபிள் துடைக்கிற துணியைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அது அகில இந்தியப் பிரச்னை.

ஆனால் நாலாம் நாள் ராத்திரி கை கழுவும்போது ஒரு சந்தேகம் வந்தது. இத்தனை நாள் எந்த ஊரில் சாப்பிட்டேன்? சென்னையில் ஒரு புறநகரிலா? திருச்சி பஸ் ஸ்டாண்டிலா? சாப்பிட்டதில் எதுவுமே 'இது நெய்வேலி' என்று சொல்லவில்லை. இந்த வாரம் அந்தச் சந்தேகத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம்.

ஊர் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1956-ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவானது. 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அடுத்த வருஷமே ரஷ்ய உதவியுடன் கட்டிய அனல்மின் நிலையம் மின்சாரம் தந்தது. சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத யந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. கம்பெனியின் பெயர் 2016-ல் என்.எல்.சி. இந்தியா என்று மாறியது. ஊர்க்காரர்கள் வாயில் இன்னமும் வெறும் 'என்னெல்சி'தான். டவுன்ஷிப்பை வட்டம் வட்டமாகப் பிரித்து நம்பர் போட்டிருக்கிறார்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ரோடு, இரண்டு பக்கமும் மரம், அதற்குள்ளே குவார்ட்டர்ஸ். ஒவ்வொரு குவார்ட்டர்ஸிலும் ஒரு சமையலறை. நம் கதை அந்தச் சமையலறையில்தான் முடியப்போகிறது.

இப்போது சாப்பாடு.

டவுன்ஷிப்புக்குள் பெரிய கடைத்தெரு என்றால் மெயின் பஜார். காலை டிபனுக்கு இங்கே போங்கள். பொங்கலில் மிளகு முழுசாகக் கிடைக்கிறது, நெய் வாசனையும் உண்டு. மெதுவடை எட்டு மணிக்குள் போனால் மொறுமொறு, ஒன்பதரைக்கு ரப்பர். சாம்பார்தான் இடிக்கிறது. எல்லாக் கடையிலும் ஒரே சாம்பார், ஒரே இனிப்பு. வீட்டில் குழம்பு வைக்கிற கை எதுவும் அதில் தெரியவில்லை. மத்தியானம் அளவுச் சாப்பாடு. கூட்டு, பொரியல், அப்பளம், மோர் என்று வரிசை சரியாக வரும். பசித்தவனுக்குக் குறை தெரியாது. பசி தணிந்தவனுக்கு நினைவில் நிற்க எதுவுமில்லை.

அடுத்து தொழிலாளர் கேன்டீன். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேன்டீன் வைத்தாக வேண்டும் என்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. லாபம் பார்க்காமல் போடுகிற சாப்பாடு. வெளியாள் நுழைய முடியாது என்பதால் அதை விமர்சிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். வேளாவேளைக்குத் தொழிலாளிக்கு உள்ளேயே சோறு கிடைத்துவிடும் ஊரில், வெளியே ஒருவர் மெஸ் போட்டுப் பிழைப்பது கஷ்டம். சாதாரணமாக ஒரு தொழில் நகரத்தில் நல்ல சாப்பாடு வளர்வதே மெஸ்ஸில்தான். யாரோ ஒரு அம்மா பத்துப் பேருக்குச் சமைக்க ஆரம்பித்து, அது நூறு பேராகி, அந்த ஊருக்கென்று ஒரு மீன் குழம்பு உண்டாகும். இங்கே அந்த அம்மாவுக்குப் பெரிய வேலை வைக்கவில்லை. கடை வைக்கும் இடமும் கம்பெனி ஒதுக்கித் தருவது. திண்ணையில் அடுப்பு மூட்டி ஆரம்பிக்க, டவுன்ஷிப்பில் திண்ணையே கிடையாது.

எனவே நல்ல சாப்பாடு வேலிக்கு வெளியே போய் நிற்கிறது. மந்தாரக்குப்பம் போங்கள், ராத்திரி எட்டு மணிக்கு மேல். ரோட்டோரக் கல்லில் பரோட்டா தட்டுகிற சத்தம் வழி காட்டும். சால்னா தண்ணியாக, காரமாக, சூடாக வரும். அப்படித்தான் வர வேண்டும். நாலு நாளில் நான் சாப்பிட்டதில் முதல் மார்க் அந்தப் பரோட்டாவுக்குத்தான். இரண்டாவது மார்க், ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் டீக்கடை வடைக்கு. ஷிஃப்ட் முடிந்து வருகிறவன் தூங்கப் போகும் அவசரத்தில் இருக்கிறான். போகிறவன் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில். ஆறின வடையை அவர்கள் தொட மாட்டார்கள். கடைக்காரருக்கு அது தெரியும், அதனால் எண்ணெய்ச்சட்டி காய்ந்துகொண்டே இருக்கிறது. வாடிக்கையாளர் கறாராக இருந்தால் வடை நன்றாக இருக்கும். எந்த ஹோட்டல் விமர்சனத்துக்கும் இதுதான் முதல் பாடம்.

சரி, 'ஃபேமிலி ரெஸ்டாரன்ட்' என்று போர்டு போட்ட, ஏ.சி. ரூம் வைத்த இடங்களுக்கு வருவோம். மெனு கார்டு எட்டுப் பக்கம். பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறார்கள். கோபி மஞ்சூரியன், பனீர் பட்டர் மசாலா, சில்லி சிக்கன், ஷெஜ்வான் ஃப்ரைடு ரைஸ், தந்தூரி. தமிழ்ப் பக்கத்துக்கு வந்தால் செட்டிநாடு சிக்கன், மதுரை கறிதோசை, திண்டுக்கல் பிரியாணி. ரோட்டுக்கு வந்தால் கும்பகோணம் டிகிரி காபி. தமிழ்நாட்டு மேப்பை மேஜையில் விரித்த மாதிரி இருக்கிறது. மேப்பில் ஒரே ஒரு இடம்தான் காலி, நாம் உட்கார்ந்திருக்கிற இடம்.

சர்வரைக் கேட்டேன்.

"தம்பி, இந்த ஊர் அயிட்டம் என்னப்பா இருக்கு?"

"எல்லாம் இருக்கு சார். சைனீஸ், நார்த் இண்டியன், தந்தூரி..."

"அதில்ல. இந்தப் பக்கத்துல செய்யறது. பலாக்கொட்டை, முந்திரி, கருவாடு, அந்த மாதிரி."

கொஞ்சம் யோசித்தான். சிரித்தான். "அதெல்லாம் வீட்லதான் சார் செய்வாங்க. ஓட்டல்ல யார் சார் கேப்பாங்க?"

ஊர்க்காரப் பையன். கருவாடு என்றதும் அவன் முகத்தில் ஒரு விநாடி பசி தெரிந்தது. பிறகு எனக்கு ஃப்ரைடு ரைஸ் கொண்டுவந்து வைத்தான்.

அவன் வீட்டில் என்னதான் செய்வார்கள் என்று பார்ப்போம். நெய்வேலியைச் சுற்றி இருப்பது செம்மண் பூமி. வடக்கே பண்ருட்டி: பலாவும் முந்திரியும். 2025-ல் பண்ருட்டிப் பலாப்பழத்துக்கும் முந்திரிக்கும் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. மேற்கே விருத்தாசலம்: மல்லாட்டை. (மற்ற ஜில்லாக்காரர்களுக்கு: நிலக்கடலை. மணிலாக்கொட்டை என்பது தேய்ந்து தேய்ந்து தென்னாற்காட்டு வாயில் மல்லாட்டை ஆயிற்று.) கிழக்கே கடலூர் துறைமுகம், பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே: நெத்திலி, கானாங்கெளுத்தி, கவலை, நண்டு. தெற்கே சிதம்பரம்: கத்திரிக்காய் கொத்சு. நடுவிலே கம்பும் கேழ்வரகும் முருங்கையும்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? கோடை வந்தால் முந்திரிக் கொட்டை காயாமல் பச்சையாக இருக்கும்போதே உடைத்து, பருப்பை எடுத்துக் குழம்பு வைப்பார்கள். கடையில் வாங்குகிற வறுத்த முந்திரிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பாலேறிய பருப்பு, மாவு மாதிரி கரையும். பலாப்பழம் தின்று முடித்த பிறகு கொட்டையைக் காயவைத்து, மாங்காயும் கருவாடும் போட்டுக் குழம்பு. பிஞ்சுப் பலாவை நறுக்கிப் பொரியல். மல்லாட்டைத் துவையல். கேழ்வரகுக் களிக்குக் கீரை. இதில் ஒன்றுகூட எட்டுப் பக்க மெனுவில் இல்லை. பனீர் பட்டர் மசாலாவில் அரைத்து ஊற்றுகிற முந்திரி மட்டும் இருக்கிறது, பண்ருட்டி என்று பெயர் போடாமல்.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். 'வீட்டில் கிடைக்கிறதை ஹோட்டலில் எதுக்கய்யா காசு கொடுத்துச் சாப்பிடணும்? வெளியே போறதே வீட்டுல இல்லாததைத் திங்கத்தானே?' நியாயமான கேள்வி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குழந்தைகளோடு வருகிற குடும்பம் கோபி மஞ்சூரியன் கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை. ஆறு நாள் அடுப்படியில் நின்ற அம்மாவுக்கு ஏழாம் நாள் பலாக்கொட்டை உரிக்க ஆசை இருக்காது. ஃப்ரைடு ரைஸ் என் எதிரி இல்லை. அது ஒன்றே ஒன்றாக இருப்பதுதான் என் புகார்.

மல்லாட்டை என்றேன் அல்லவா? அதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. முந்திரிக்கும் அந்தப் பக்கம்தான். போர்ச்சுக்கீசியர்கள் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது. பெரு நாட்டின் வடக்குக் கடற்கரைப் பகுதியில் சிபான் என்ற இடத்தில், 1987-ல் ஒரு பழைய மோச்சே அரசனின் கல்லறை கிடைத்தது. அதிலிருந்த மாலையில் தங்கத்திலும் வெள்ளியிலும் செய்த மணிகள். மணியின் வடிவம்? மல்லாட்டை! நாம் பொட்டலத்தில் மடித்துத் தருவதை அவர்கள் ராஜா கழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

அதே கடற்கரையில் இன்னும் தெற்கே உவான்சாக்கோ என்று ஒரு மீனவ ஊர். கோரையைக் கட்டிச் செய்த ஒல்லிப் படகில் ஏறி மீன் பிடிப்பார்கள். மோச்சே காலத்துப் பானைகளிலும் அந்தப் படகு இருக்கிறது. இன்றைக்கு அது அலைச்சறுக்கு ஆட்கள் வந்து குவிகிற ஊர். அப்படிப்பட்ட இடங்களில் பீட்சாவுக்குப் பஞ்சம் இருக்காது. ஆனாலும் மத்தியானம் ஒரு கடைக்குள் நுழைந்தால் முதலில் வருவது செவிச்சே: பச்சை மீன் துண்டுகளை எலுமிச்சைச் சாறில் ஊறவைத்து, வெங்காயம் மிளகாய் சேர்த்து, பக்கத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சோளமும் வைத்துக் கொடுப்பது. அதை மத்தியானத்தில் சாப்பிடுவதுதான் பழைய வழக்கம். மீன் அன்று காலையில் பிடித்தது என்பதால், ராத்திரி வரை வைக்க மாட்டார்கள். மீனவன் வீட்டுச் சாப்பாடுதான். அதற்கு அந்த நாடு 2008-ல் ஜூன் 28-ம் தேதியை தேசிய நாளாக அறிவித்தது. 2023 டிசம்பரில் யுனெஸ்கோ அதைக் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பெருக்காரர்களுக்குச் சீனச் சாப்பாடு தெரியாது என்று நினைக்காதீர்கள். 1849-லிருந்து சீனத் தொழிலாளர்கள் அங்கே கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். அவர்கள் ஆரம்பித்த 'சிஃபா' என்கிற சாப்பாட்டுக் கடைகள் நாடெங்கும் இருக்கின்றன. அங்கே ஃப்ரைடு ரைஸ் செவிச்சேயைத் துரத்தவில்லை. இரண்டும் ஒரே தெருவில் இருக்கின்றன. காரணம் ருசி மட்டுமல்ல. வீட்டுச் சாப்பாட்டைக் கடையில் விற்பது கௌரவக் குறைச்சல் இல்லை என்று அவர்களுடைய சமையல்காரர்கள் முடிவு செய்ததுதான். நம்மிலும் அப்படி நடந்திருக்கிறது. செட்டிநாட்டுச் சமையலும் ஒரு காலத்தில் வீட்டுக்குள்ளே இருந்ததுதானே? யாரோ முதலில் அதை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அது நெய்வேலி மெனுவில் இருக்கிறது.

ஆனால் மற்ற ஊர்களைவிட நெய்வேலிக்கு இது ஏன் அதிக அவசரம் என்று நான் நினைக்கிறேன் தெரியுமா? மதுரையில் ஒரு குழம்பு ஹோட்டலில் கிடைக்காவிட்டால் நஷ்டமில்லை. அது ஏதோ ஒரு சந்தில், சொந்த வீட்டில், பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போய்க்கொண்டிருக்கும். நெய்வேலி டவுன்ஷிப்பில் சொந்த வீடு கிடையாது. குவார்ட்டர்ஸ் கம்பெனியுடையது. ரிட்டையரானால் காலி செய்ய வேண்டும். முப்பது வருஷம் தண்ணி ஊற்றி வளர்த்த கொல்லைப் பலாமரத்தை அப்படியே விட்டுவிட்டு லாரியில் சாமான் ஏற்றுவார்கள். பிள்ளை பெங்களூரில், பெண் அமெரிக்காவில். சமையலறையின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிற ஊர் இது.

வேலிக்கு வெளியேயும் அதே கதை, இன்னும் கடுமையாக. சுரங்கம் அகலமாக அகலமாகக் கிராமங்கள் நகர்ந்தன. முதல் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களில் தொடங்கி, 2023-ல் வளையமாதேவியில் நெற்பயிர் நிற்கும்போதே யந்திரம் இறங்கியதுவரை நாம் பார்த்ததுதான். அந்த மின்சாரத்தில்தான் என் வீட்டிலும் உங்கள் வீட்டிலும் மிக்ஸி ஓடுகிறது. அதனால் நான் இங்கே பெரிய நியாயவான் வேஷம் போட முடியாது. ஆனால் ஒரு கிராமம் இடம் மாறினால் நஷ்ட ஈட்டில் வீடு, கிணறு, மரம் என்று கணக்கு எழுதலாம். முந்திரித் தோப்புக்கு விலை போடலாம். தோப்பு இருந்ததால் அந்த வீட்டில் கோடையில் கொதித்த பச்சை முந்திரிக் குழம்பை எந்தக் கலத்தில் எழுதுவது? தோப்பு போனால் அதுவும் போயிற்று. புது இடத்தில் பருப்பைக் கடையில் வாங்கி யாரும் குழம்பு வைக்க மாட்டார்கள். கட்டுப்படியாகாது.

ஆக, உள்ளே இருக்கிறவருக்கும் அடுப்பு நிரந்தரம் இல்லை. வெளியே இருக்கிறவருக்கும் இல்லை. இப்படிப்பட்ட ஊரில் ஒரு ருசி தங்க வேண்டுமென்றால் அதற்குப் பொது இடம் ஒன்று வேண்டும். அதற்குப் பெயர்தான் ஹோட்டல். மற்ற ஊர்களில் ஹோட்டல் என்பது வீட்டுக்கு மாற்று. இங்கே வீட்டைவிட ஹோட்டலுக்குத்தான் ஆயுசு அதிகமாக இருக்க வாய்ப்பு. அந்த ஹோட்டல் கோபி மஞ்சூரியனை மட்டும் காப்பாற்றிக்கொண்டிருந்தால் எப்படி?

முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். கூப்பிடு தூரத்தில் வடலூர் இருக்கிறது. வள்ளலார் 1867 மே மாதம் சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. வருகிறவருக்கெல்லாம் சோறு. மெனு கார்டு இல்லை, பில் இல்லை. சாதாரணச் சாப்பாடுதான்; ஆனால் சாப்பிட்டு எழுந்தால் எங்கே சாப்பிட்டோம் என்று சந்தேகம் வராது. ரஷ்யர்கள் உதவியுடன் கட்டிய முதல் அனல்மின் நிலையம்கூட 2020-ல் மூடப்பட்டது. அந்த அடுப்பு எரிகிறது. இந்த மண்ணில் நூற்றைம்பது வருஷம் ஒரு சாப்பாட்டுச் சாலை நிற்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஹோட்டல்காரர்களுக்கு என் யோசனை ரொம்பச் சின்னது. எட்டுப் பக்கத்தில் ஒரு பக்கம் கேட்கவில்லை. ஒரு வரி போதும். கோடையில் 'பச்சை முந்திரிக் குழம்பு, சீசனில் மட்டும்'. சீசன் முடிந்ததும் 'பலாக்கொட்டைக் கருவாட்டுக் குழம்பு, மத்தியானம் மட்டும்'. சமைக்கத் தனி மாஸ்டர் தேட வேண்டாம். உங்கள் கடையில் பாத்திரம் கழுவுகிற அம்மாவைக் கேளுங்கள், சொல்லித் தருவார். அதற்கு அவருக்கு மாஸ்டர் சம்பளம் கொடுங்கள். முதல் வாரம் நாலு பிளேட்தான் போகும். மீதியை ஸ்டாஃப் சாப்பிடட்டும். அந்தப் பையன் நிச்சயம் இரண்டு தடவை வாங்கிக்கொள்வான்.

நெய்வேலிக்குப் போகிறவர்களே, உங்களுக்கும் ஒரு வேலை. சென்னையிலிருந்து கும்பகோணம் போகிற பஸ்ஸில் ஆர்ச் கேட்டில் இறங்குங்கள். காலையில் மெயின் பஜார் பொங்கல், எட்டு மணிக்குள் வடை, ஷிஃப்ட் மாறும்போது டீக்கடை, ராத்திரி மந்தாரக்குப்பம் பரோட்டா. இவ்வளவும் நான் உத்தரவாதம். நடுவில் ஒரு வேளை ஏ.சி. ரூமில் உட்கார்ந்து, மெனு கார்டைத் திறக்காமல், "பலாக்கொட்டைக் குழம்பு இருக்கா?" என்று கேளுங்கள். இல்லை என்பார்கள். பரவாயில்லை, ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அடுத்த தடவை போகும்போது மறுபடி கேளுங்கள். 'யார் சார் கேப்பாங்க?' என்பதற்கு நாம் கொடுக்கக்கூடிய பதில் அதுதான்.